படத்தில் இல்லாத சஹன்

எங்கள் அறைக்குக் கீழே வீட்டுக்காரி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டு, கதிரையில் சாய்ந்து, தனியே சிரிப்பாள். சும்மா சிரிப்பல்ல, பலகைத் தளத்தையும் தாண்டி மேலே எங்கள் கட்டில் வரைக்கும் கேட்கிற சிரிப்பு. இலண்டனுக்கு வந்த புதிதில் குளிரோ புகைமூட்டமோ இரண்டு தட்டு வைத்த பஸ்ஸோ எனக்கு அதிசயமாகப் படவில்லை. அதெல்லாம் மச்சான் முன்னமே சொல்லிவைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்து சிரிப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கல்முனையில் இப்படிச் சிரித்துவிட்டுத் தப்ப முடியுமா? அடுத்த நாளே லெப்பையைக் கூட்டிவந்து தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்து, கையில் நூலும் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

மச்சான் என்றால் என் புருஷன். மாமாவின் மகன் என்பதால் சின்ன வயதிலிருந்து வாயில் வந்த முறை அப்படியே நின்றுவிட்டது. பகலில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் வேலை, பின்னேரம் கணக்குப் படிப்பு. படிப்பு முடியும்வரை நானும் கூட இருக்கட்டும் என்று ஐம்பத்தைந்தாம் ஆண்டில் என்னைக் கப்பலேற்றிக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் வெளியே போனால் இருட்டின பிறகுதான் வருவார். அதுவரை நானும் நான்கு சுவரும்தான். வாய் ஓயாத குடும்பத்தில் பிறந்தவள் நான். இங்கே ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் இருந்து, பின்னேரம் அவர் கதவைத் தட்டும்போது என் முதல் சொல் கரகரத்துத்தான் வெளியே வரும்.

ஒரு ஞாயிறு வெந்நீர் எடுக்கக் கீழே போனேன். வீட்டுக்காரி கூப்பிட்டாள். வானொலியைக் காட்டினாள், பக்கத்திலிருந்த வெறுங் கதிரையைக் காட்டினாள், சிரித்த முகத்தோடு என்னவோ நீளமாகச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இவ்வளவு நேரமும் சிரித்தவள்தானே, பெட்டியில் கேட்ட பகிடியைத்தான் எனக்கும் சொல்கிறாள் என்று நினைத்து, மரியாதைக்காக நானும் நன்றாகவே சிரித்துவைத்தேன். அவள் முகம் அப்படியே மூடிப்போயிற்று. பிறகு மச்சான் விசாரித்து வந்து சொன்னார்: அந்தக் கதிரை அவளுடைய புருஷனுடையதாம். இரண்டு பேருமாக இருந்துதான் அந்த நிகழ்ச்சியைக் கேட்பார்களாம். யுத்தத்தில் மவுத்தாகிவிட்டாராம். மச்சான் எனக்காக மன்னிப்புக் கேட்டார், அவளும் பரவாயில்லை என்றுவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சிரிப்பதென்றாலே பயம். எது சிரிக்கிற கதை, எது அழுகிற கதை என்று தெரியாத ஊரில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்தி என்று இருந்துவிட்டேன். இருக்க இருக்கச் சிரிப்பே மறந்துபோகும் போலிருந்தது.

நான் சிரிக்கப் பழகியது என் காக்காவிடம். எங்கள் பேச்சில் அண்ணன்தான் காக்கா. வேளாண்மைக்காரர். விதைப்புக்கும் வெட்டுக்கும் வயல் வாடிக் குடிசையில் போய்க் கிடப்பார், வெட்டு முடிந்து ஊருக்கு வந்தால் முதல் வேலை கொட்டகைக்குப் போய்ப் படம் பார்ப்பது. சந்தைக்கு அந்தப் பக்கம் தகரம் அடித்த கொட்டகை. பின்னேரமானால் அங்கே போடுகிற பாட்டு எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். பெரியநீலாவணையிலிருந்து தமிழ்ப் பெண்கள் வண்டில் கட்டிக்கொண்டு சிரித்துப் பேசிப் போவதைக் கிடுகு வேலியின் பொத்தலால் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் பெண்களுக்குப் படமென்பது வேலிக்கு அந்தப் பக்கத்துச் சாமான். வாப்பாவிடம் அதைப் பற்றி வாயே திறக்க ஏலாது.

ஆகையால் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாப்பா அந்தி மஃரிபுத் தொழப் பள்ளிக்குப் போனால் இராத்திரி இஷாவும் தொழுதுவிட்டுத்தான் திரும்புவார். அந்த இடைவெளிதான் எங்கள் கொட்டகை. நடு வீட்டில் பாய் விரித்து உம்மா, உம்மாவின் தங்கச்சியான சாச்சி, நான், அடுத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் குந்திக்கொள்வோம். காக்கா முன்னால் நின்று படத்தை நடித்துக் காட்டுவார். அழுகைக் கட்டமெல்லாம் அவருக்குச் சரிவராது. "மறுகா அவள் அழுதாள், அவனும் அழுதான்" என்று ஒரே மூச்சில் தாண்டிப் பகிடிக் கட்டத்துக்கு வந்துவிடுவார். செவிடன் காவல் நிற்கிற வீட்டில் திருடன் புகுகிற கட்டம், சைக்கிள் பழகுகிறவன் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிற கட்டம் என்று எத்தனையோ செய்திருக்கிறார். அவற்றுக்குள் எங்களுக்கு அலுக்காதது ஒன்றே ஒன்று, பசிக்காரன் கலியாணச் சாப்பாட்டுக்குப் போகிற கட்டம்.

அழைப்பில்லாத கலியாண வீட்டில் பசிக்காரன் சஹனில் போய்க் குந்துகிறான். எங்கள் பகுதிக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன், சஹன் என்பது ஒரே பெரிய தட்டு. அதைச் சுற்றி ஆட்கள் இருந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவார்கள். பசிக்காரன் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து ஒருவர் வந்து ஸலாம் சொல்கிறார். பதில் சொல்லாமல் விடலாமா? எழும்புகிறான், பதில் சொல்கிறான், குந்துகிறான். அதற்குள் அவன் பக்கத்துச் சோற்றில் பாதியைக் காணோம். மறுபடி கவளம், மறுபடி ஸலாம். கடைசியில் மிஞ்சினது ஒரு கோழிக்கால். அதையாவது காப்பாற்ற வேண்டுமென்று தொப்பியைக் கழற்றி அதற்குள் ஒளித்து, தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு எழும்புகிறான். ஸலாம் சொன்னவர் விடாமல் கதைக்கிறார். நெற்றியால் கறி வழிகிறது. "என்ன தம்பி இது?" என்று கேட்கிறார். "வேர்க்கிது ஹாஜியார், நல்லா வேர்க்கிது" என்கிறான்.

இதைக் காக்கா எத்தனை தரம் செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. முதல் தரம் பார்க்கும்போது என்ன நடக்கும் என்று தெரியாமல் சிரிக்கிறோம். பிறகு பார்க்கும்போது தெரிந்தே சிரிக்கிறோம், அதில்தான் ருசி அதிகம். காக்காவின் கை தொப்பிக்குப் போகிறதற்கு முன்னமே சாச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். அவளைப் பார்த்து உம்மா சிரிப்பார், உம்மாவைப் பார்த்து நான். ஒரு நாள் சாச்சி மெய்யான கோழிக்காலையே கறி ஆணத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அது தலையில் வழிந்துகொண்டிருக்கிற நேரம் வாப்பா வாசலில் வந்து நிற்கிறார். யா அல்லாஹ், ஆளுக்கு ஆள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டோம். "என்னடா மகனே இது?" என்றார் வாப்பா. காக்காவுக்கு வாயில் வேறொன்றும் வரவில்லை. "வேர்க்கிது வாப்பா" என்றார். வாப்பா வழிகிற கறியைப் பார்த்தார். "தலைய கழுவிப்போட்டுத் தொழப் போ" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பினவரின் தோள் இரண்டும் குலுங்கினதை நாங்கள் எல்லாரும் கண்டோம்.

போன மாதம் மச்சான் ஒரு செய்தியோடு வந்தார். இங்கே இருக்கிற தமிழ் ஆட்கள் சேர்ந்து ஒரு ஞாயிறு காலையில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுகிறார்களாம். படத்தின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த வேலையை விட்டு எழும்பிவிட்டேன். பசிக்காரனின் படம்.

"போவமா புள்ள?" என்று கேட்டார்.

"வாப்பாக்குத் தெரிஞ்சா?"

"வாப்பா கல்முனையில. இஞ்ச ஆரு பாக்கிற?"

"ஏன், அல்லாஹ் பாக்கான்தானே."

"காக்கா ஆடக்குள்ளயும் அல்லாஹ் பாத்துக்கிட்டுத்தானே இரிந்தான். அப்ப ஒண்டும் சொல்லல்லயே" என்றார். நான் சரி என்றுவிட்டேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், பழையபடி வயிறு நோகச் சிரித்துவிட வேண்டுமென்று எனக்கு அவ்வளவு ஆசை. படத்தைப் பார்த்தால் உம்மாவோடும் சாச்சியோடும் இருந்தமாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அறைக்குள் நடமாடும்போதும் அந்தக் கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

முக்காட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். தியேட்டருக்குள் இருட்டினதும் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய முகங்களை நான் கண்டதில்லை. காக்கா தாண்டிப்போகிற அழுகையெல்லாம் இங்கே நீளமாக ஓடியது. எனக்குப் பொறுமை இல்லை. ஒருவழியாகக் கலியாண வீடு வந்தது. நான் நிமிர்ந்து இருந்தேன். வாழையிலை போட்டு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். சரி, இது வேறு கலியாணம், நம்முடையது இனித்தான் வரும் என்று நினைத்தேன். அந்த வரிசையில் ஒரு மெலிந்த மனிதன் வந்து இருந்தான். கவளத்தை எடுத்தான். யாரோ கும்பிட்டார்கள், இவனும் எழும்பிக் கும்பிட்டான். சனம் சிரித்தது. மறுபடி எழும்பினான். எழும்பும்போது கை தலைக்குப் போனது, தலைமயிரை ஒதுக்கத்தான். ஆனால் எனக்குத் தாங்கவில்லை. இந்தா வரப்போகிறது தொப்பி என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த முழுத் தியேட்டரிலும் நான் ஒருத்திதான் சிரித்தேன். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா குனிந்து, "என்ன பிள்ளை, பகிடி இன்னும் வரேல்லையே" என்றார்.

பகிடி வந்தது. இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனிதன் வெறுந் தரையைப் பார்த்து முழித்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, மச்சானும் சிரித்தார். அவ்வளவுதான், அடுத்த கட்டம் வந்துவிட்டது. சஹன் இல்லை. ஸலாம் இல்லை. தொப்பியும் இல்லை, கோழிக்காலும் இல்லை. அந்தக் கட்டம் ஓடினது ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிற அந்த இருட்டில் எனக்குக் கண்ணால் வழிந்தது. முக்காட்டால் துடைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது, "அது அந்தப் படமில்ல மச்சான்" என்றேன்.

"அதுதான் புள்ள. நானும் காக்காவும் ஒண்டாத்தானே கொட்டகையில பாத்த."

"அப்ப சஹன் எங்க?"

"படத்தில ஏது சஹன்? அது ஐயர்மார் கலியாணம்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டார். "காக்கா பாத்தது அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவரு போட்டது போல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய்க்காரக் காக்கா. பாய் நிறையப் பெண்களை இருத்திவைத்து இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறார். பிறகு யோசித்தேன். பார்த்ததைப் பார்த்தபடி நடித்திருந்தால் அது எங்களுக்கு யாரோ வீட்டுக் கலியாணம். வாழையிலையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? கொட்டகையிலிருந்து வீடு வருகிற அந்த மணல் ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, இதை இவர்களுக்கு எப்படிக் காட்டலாம் என்று யோசித்து யோசித்துத்தான் வந்திருக்க வேண்டும். போக ஏலாத எங்களுக்காக ஒரு முழுக் கட்டத்தையே அவர் செய்து கொண்டுவந்திருக்கிறார். இப்படி ஒரு மனிதர் எனக்குக் காக்காவாக வாய்த்தாரே என்று நினைக்க, பஸ்ஸென்றும் பாராமல் அழுகை வந்துவிட்டது. அவரைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கடல் கிடக்கிறதே நடுவில், என்ன செய்கிறது?

அறைக்கு வந்ததும் மச்சான் கட்டிலில் இருந்துகொண்டு, "காக்கா என்னதான் செஞ்சாரு? செஞ்சி காட்டு பாப்பம்" என்றார்.

"எனக்கு வெக்கம்."

"என்னோட என்ன வெக்கம்? செய்யி புள்ள."

சோற்றுப் பீங்கானைத் தரையில் வைத்தேன். அவருடைய தொழுகைத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தினேன். வாழ்நாளில் நான் ஒன்றும் நடித்ததில்லை, ஆனால் கை தானாக ஓடியது. கவளம், ஸலாம், எழும்பல், குந்தல், எல்லாம் காக்கா செய்த அச்சு அசல். கோழிக்காலுக்கு காலையில் தின்று மிஞ்சின பாண் துண்டை எடுத்துத் தொப்பிக்குள் ஒளித்தேன். "வேர்க்கிது ஹாஜியார்" என்று சொன்னதும் மச்சான் கட்டிலில் புரண்டார். பஸ்ஸில் எதிரில் இருக்கிறவனுக்குக்கூடக் கேட்காமல் பேசுகிற மனிதர், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்.

மறுபடி குந்தினேன். மறுபடி செய்தேன். அவர் முன்னதைவிடக் கூடச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனை ஆசைப்பட்டேன், அந்தக் கட்டம் முழுசாக என் கையிலேயே இருக்கிறது, அப்படியும் வரவில்லை. காக்காவாக நிற்கிறவளுக்கு எப்படி வரும்? இதைப் பார்த்துச் சிரிக்கிறவள் வேறொருத்தி. அவள் உம்மாவுக்கும் சாச்சிக்கும் நடுவில் பாயில் குந்திக்கொண்டு கல்முனையிலேயே இருக்கிறாள். நான் கப்பலேறின அன்றைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.