தங்க விளிம்புத் தட்டில் வந்த சீர்

கொட்டகலையில் கணேசமூர்த்தியின் வீட்டுக்குப் போகிறவர்கள் தேத்தண்ணி கிடைக்குமென்று நம்பிப் போகக்கூடாது. கண்ணாடி அலுமாரி நிறைய பழைய இங்கிலாந்துப் பீங்கான்கள் இருக்கும், விளிம்பெல்லாம் தங்கப்பூச்சோடு. வந்தவருக்கு அவர் தட்டின் முகத்தைக் காட்டமாட்டார். கவிழ்த்துப் பிடித்து, அடியிலுள்ள கம்பெனி முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுவார். பிறகு கைபேசி விளக்கைப் பின்னால் பிடித்து, அந்தப் பக்கத்து விரல் நிழல் தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்று சொல்லும்வரை விடமாட்டார். தேத்தண்ணி பூரணிக்கு மனம் வந்தால் சில்வர் டம்ளரில் வரும்.

பூரணி அவர் மனைவி. அந்த அலுமாரியின் சாவியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடவும் ஆசையில்லை.

மனிதர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பங்களாக்களை ஹோட்டலாக்கும்போது கழித்துப்போடும் சாமான்களுக்காக நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் அலைவதே இப்போது உத்தியோகம். மூடி இல்லாத சூப்புப் பாத்திரம், சாஸர் இல்லாத கோப்பை என்று எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார். எந்த வெள்ளைக்காரத் துரைசாணி எந்தத் தட்டில் கேக் சாப்பிட்டாள் என்று சொந்த அத்தையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். பெற்ற தாயின் திவச நாளைப் பூரணிதான் ஞாபகப்படுத்த வேண்டும். பேஸ்புக்கில் பீங்கான் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் இருக்கிறார். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் விருப்பக்குறி போட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். சாப்பிடுவதென்னவோ பிளாஸ்டிக் தட்டில்.

அவருடைய அக்கா அழகம்மா நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். தம்பி படித்தது அவள் சம்பளத்தில். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் சர்மிளாவை ஒண்டியாக வளர்த்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தம்பி வீட்டுக்குச் சொல்ல வந்தாள்.

"அப்பன் இல்லாத புள்ள. மாமன் நீ வந்து கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். வேற ஒண்ணும் வேணாம்டா தம்பி."

"வர்றேன்க்கா. அலுமாரியில சாயாத" என்றார் கணேசமூர்த்தி.

பூரணிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அழகம்மா மட்டும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள். தம்பி வருகிறேன் என்றது அவளுக்குப் போதும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் அலுமாரியைத் திறந்து, தங்க விளிம்புத் தட்டுகளாக ஏழு எடுத்துத் துடைத்து வைத்தார். தாய்மாமன் சீரை அதில்தான் கொண்டுபோகப் போகிறாராம். பூரணிக்கு நம்ப முடியவில்லை. சீர் வைத்து வரும் தட்டு சீரோடு சேர்ந்தது, அது பெண்ணுக்குத்தான் என்பது தோட்டத்து லய வரிசை வீடுகளில் பிறந்த எவருக்கும் தெரியும். பூரணி வீட்டுப் பித்தளைத் தாம்பாளங்கள்கூட ஒவ்வொரு சீரோடும் ஒவ்வொன்றாய்ப் போனவைதான். அப்படியென்றால் உயிரையே கொடுக்கிற மாதிரி இவர் இந்தத் தட்டுகளை அக்கா மகளுக்குக் கொடுக்கப் போகிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

மறுநாள் அழகம்மா குடியிருக்கும் மேட்டு லயத்துக்கு முன்னால் தப்பு மேளம் முழங்க, பூரணியும் லயத்துப் பெண்களும் சேலை, பழம், வெற்றிலை, மஞ்சள் எல்லாம் வைத்த அந்தத் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். கணேசமூர்த்தி முன்னால் பின்னோக்கி நடந்து வீடியோ எடுத்தார். விளிம்பு தெரிகிற மாதிரிப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொருத்தியிடமும் சத்தம் போட்டார். அழகம்மாவின் கண் கலங்கிவிட்டது. தம்பி கொண்டுவந்ததைப் பாருங்க என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, தட்டுகளை உள்ளே சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

கணேசமூர்த்தி வாசலில் நின்று பையைப் பிரித்தார். உள்ளே பழைய பேப்பர் கட்டு இருந்தது.

"சாமானக் கொட்டிட்டுத் தட்ட மட்டும் குடுத்துரு அக்கா. பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிறேன்."

தப்படித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அழகம்மா காதில் சரியாக விழாதவள்போல நின்றாள். பூரணி அவர் கையைப் பிடித்து, அது வழக்கமில்லை, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"லயத்துல வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறாங்க? புளி போட்டு வெளக்குனா தங்கம் போயிரும்."

சீர்த்தட்டைத் திருப்பிக் கேட்பது உறவைத் திருப்பிக் கேட்பது. பெரிய கிளாக்கருக்கு இங்கிலாந்துச் சமாச்சாரம் எல்லாம் அத்துப்படி, இது மட்டும் மறந்துபோயிற்று. இப்படி ஒரு ஜென்மத்தோடு குடித்தனம் நடத்தியதை நினைக்கப் பூரணிக்கு வெட்கமாயிருந்தது.

அழகம்மா உள்ளே போனாள். பழத்தையும் வெற்றிலையையும் முறத்தில் கொட்டினாள். ஏழு தட்டையும் சேலைத் தலைப்பால் துடைத்து, அடுக்கி, வாசலுக்குக் கொண்டுவந்து தம்பி கையில் வைத்தாள்.

"சரியா இருக்கான்னு பாத்துக்க. புள்ளைய நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

தாலி இழந்தவள் மணவறைப் பக்கம் வரலாமா என்று ஒரு பெரியவர் முனகினார். அழகம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சர்மிளா அழுதுகொண்டே அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். பூரணி செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓடிப்போய் அழகம்மாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.

"நட மதினி" என்றாள்.

தப்பு மறுபடி முழங்கியது. லயத்துக்கு எதிரே மணவறை போட்டிருந்த கோயிலில் படியேறும்போது பூரணி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் லயத்து வாசல் கல்லில் உட்கார்ந்து, ஒரு தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் எங்காவது தங்கம் உரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.