சாலையின் இடது பக்கம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், டவுனைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி என் வீடு இருக்கிறது. இன்றும் இருக்கிறது. அது எப்படி இன்றும் இருக்கிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டவுனுக்குள் மனை வாங்க முடியாதவர்கள் அப்போது இப்படிச் சாலையோரமாகத் தள்ளித் தள்ளிப் போனோம். எனக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பாயின் கடை. காலையில் டீ, சாயங்காலம் பரோட்டா. கீழே கடை, மாடியில் குடும்பம். அவருடைய அப்பா தோல் பதனிடும் இடத்தில் கூலிக்கு இருந்தவர். அந்த நாற்றத்திலிருந்து தப்பித்து, சொந்தமாக ஒரு சுவர் எழுப்பி உட்கார்ந்த முதல் ஆள் தான்தான் என்று பாய் அடிக்கடி சொல்வார்.

சாலை அப்போது குறுகலானது. எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். அதனால் எங்கள் பேச்சு முழுவதும் சாலையைத் தாண்டித்தான் நடந்தது. "வாத்தியாரே, பால் வந்துருச்சு, பாத்திரத்தக் குடுத்து விடுங்க!" என்று அவர் கத்துவார். என் மனைவி வாசலில் நின்றபடியே, "அண்ணே, இன்னிக்கு வெஞ்சனம் ஒண்ணும் வைக்கல, சால்னா கொஞ்சம் வேணும்" என்பாள். நடுவில் ஒரு பேருந்து போனால் அது போகும் வரை வாயைத் திறந்தபடியே காத்திருப்போம்.

எங்கள் நிறுத்தத்தில் திசை சொல்வதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வடக்கே மலைக்கோட்டை தெரியும். யார் வழி கேட்டாலும் முதலில் அவரை மலையைப் பார்த்து நிற்கச் சொல்வார்கள். மலையைப் பார்த்து நின்றால் சோத்தாங்கைப் பக்கம் பாய் கடை, பீச்சாங்கைப் பக்கம் வாத்தியார் வீடு. கிழக்கு மேற்கு என்று யாரும் சொன்னதில்லை. லாரிக்காரர்கள் எதிரில் பாய் இதை வைத்தே என்னைக் கேலி செய்வார். "நாங்க சோறு திங்கிற கைப் பக்கம். வாத்தியாரு எந்தக் கைப் பக்கம்னு அவருகிட்டயே கேட்டுக்கங்க." நானும் சிரிப்பேன். பத்து வருடத்துக்கும் மேலாக அதே கேலி. வலது, இடது என்றால் எங்களுக்கு அதுதான் என்று ஆகிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலு வழிச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பாயிடம் டீ குடித்துவிட்டுப் போனார்கள். கேட்டால், "எங்களுக்கு அளக்கத்தான் தெரியும் பாய்" என்றார்கள். அதன்பின் ஒரு நாள் காலையில் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பாய் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்து பத்திரிகையை ஆட்டினார்.

"வாத்தியாரே, செத்த நேரம் வந்துட்டுப் போங்க. இது எந்த ஊருத் தமிழுன்னே வெளங்கல."

போனேன். ஊர் ஊராக சர்வே எண்கள், உட்பிரிவு, பரப்பு. எங்கள் இருவர் இடமும் பழைய நத்தம் குடியிருப்பு நிலத்தில் இருந்தது. ஒரே சர்வே எண். அந்த எண்ணுக்கு நேராக, "பகுதி, இடது பக்கம்" என்று மட்டும் போட்டிருந்தது. ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நான் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தேன். இடது பக்கம் என் வீடு.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் செய்திருக்கக்கூடிய தவறு அது. ஆனால் நான் படித்தவன் என்பதால் யாரும் என்னைத் திரும்பக் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு லாரிக்காரர், "அப்ப இனிமே வாத்தியார் வீட்டு நடுக்கூடத்துல கியர் மாத்தலாம்" என்றார். பாய் கரண்டியைத் தூக்கிவிட்டார். "ஏலே, டீயக் குடிச்சமா எந்திரிச்சமான்னு இரு. வாயக் கழுவுறதுக்கு வெந்நீர் வேணுமா?"

அன்று மத்தியானம் அவர் சாலையைக் கடந்து என் வீட்டுக்குள் வந்தார். அப்படி வருவது அபூர்வம். கடையை விட்டு அவர் நகர்வதே இல்லை. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். "ஏம்மா அழுகுற? மாடியில ரெண்டு ரூமு சும்மாதான் கெடக்கு. இடிச்சான்னா சட்டி பானையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துருங்க. ரோட்டத் தாண்டுறதுக்கு லாரி வாடகை கூட வேணாம்" என்றார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

மனு எழுதலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். நான் எழுதினேன். இடது பக்கத்தில் இருப்பவர்கள் நெடுங்காலமாகக் குடியிருப்பவர்கள், அவர்களுக்கு வேறு இடம் கிடையாது, ஆகவே இடது பக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று. நல்ல தமிழில் எழுதியிருந்தேன். கீழே முதல் கையெழுத்து பாயுடையது. பஞ்சர் கடைக்காரரையும் பின்னால் தோட்டம் வைத்திருந்தவர்களையும் பிடித்துப் பிடித்துக் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். பத்து நாளுக்கு மேல் அதற்காக அலைந்தார். ஒருவர் இழுத்தடித்ததற்கு, "நாளைக்கு உன் வீட்டுக்கு வந்தா வாத்தியார்தான்யா எழுதித் தரணும், போடு" என்று சொல்லி வாங்கினார்.

மனுவை எடுத்துக்கொண்டு டவுனில் இருந்த நில எடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். பாய் கூட வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அங்கே இருந்த எழுத்தர் வயதில் சின்னவர், மரியாதையானவர். மனுவை வாங்காமல் முதலில் வரைபடத்தை விரித்தார். அதில் என் வீட்டைத் தேடினேன். சாலையின் கோடு என் வீட்டைத் தொடவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கட்டத்தின் மேல் சிவப்புக் கோடு போயிருந்தது.

"இடது பக்கம்னு போட்டிருக்கே தம்பி?" என்றேன்.

"ஆமா சார். கிலோமீட்டர்க் கல்லுல நம்பர் எந்தப் பக்கமா ஏறுதோ அந்தப் பக்கம் பாத்து நிக்கணும். இந்த ரோடு வடக்க இருந்து கன்னியாகுமரிக்குப் போகுது. மதுரையப் பாத்து நின்னீங்கன்னா இடது." அவர் சிரித்தார். "நீங்க திண்டுக்கல்லப் பாத்து நின்னுட்டீங்க போல. ஒங்க வீடு தப்பிச்சிருச்சு சார்."

நான் கேட்டேன். கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "எதிர்ப்பக்கத்துக்காரங்க மனுக் குடுத்தா?"

"குடுத்தா விசாரணை வைப்பாங்க. பக்கத்து ஊருல அப்படித்தான், கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க. இங்க தள்ளுனா ஒங்க முன்னறை போகும். மனு வராட்டி இப்படியேதான். இன்னும் எட்டு நாள் இருக்கு." பிறகு கையை நீட்டினார். "ஏதோ கொண்டு வந்திருந்தீங்களே?"

என் கையில் இருந்த மனு என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. இடது பக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. அது பாயின் கடைக்காக பாயே முதல் கையெழுத்துப் போட்ட மனு.

"ஒண்ணுமில்ல தம்பி, விவரம் கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

வெளியே வந்தபோது எனக்குப் பசித்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் எனக்குப் பசியே இல்லை. பேருந்து நிலையம் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். மனு மடியில் இருந்தது. சாப்பிட்டு முடித்து இலையைத் தொட்டியில் போடும்போது அதையும் நாலாகக் கிழித்து அதோடு போட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அவசரத்திலும் செய்யவில்லை. நின்று, கிழித்து, போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

நிறுத்தத்தில் இறங்கியதும் பாய் கல்லில் மாவை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "குடுத்தாச்சா வாத்தியாரே?"

"குடுத்தாச்சு பாய்."

"என்ன சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

"ஆகும், ஆகும். நீங்க எழுதுனா ஆகாம இருக்குமா?" என்று சொல்லி எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

எட்டு நாட்களும் அவர் கண்ணெதிரே இருந்தார். ஒவ்வொரு நாளும் நான் வாசலில் நின்று அவர் பரோட்டா வீசுவதைப் பார்த்தேன். இன்று சொல்லலாம் என்று முதல் இரண்டு மூன்று நாள் நினைத்தேன். பிறகு அதையும் நினைக்கவில்லை. கெடு முடிந்தது.

கொஞ்ச நாளில் எல்லைக் கல் நட வந்தவர்கள் பாய் கடை வாசலைத் தாண்டி, கடைக்கு உள்ளே, அடுப்புக்குப் பின்னால் குறி போட்டார்கள். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாத்தியாரே, கிறுக்குப் பயலுக கல்ல மாத்தி நடுறானுக, வந்து சொல்லுங்க!" என்று இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். நான் உள்ளே இருந்தேன். என் மனைவி, "அண்ணன் கூப்பிடுறாரு" என்றாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

பாய் அலுவலகத்துக்குப் போனார். மருமகனைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த ஊரிலிருந்து மனுவே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அவர் பேருந்திலிருந்து இறங்கி, கடைக்குப் போய், அங்கிருந்து என் வாசலைப் பார்த்து, "பால் வந்துருச்சு சார்" என்று சொன்னதுதான். வாத்தியாரே என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. சத்தம் போடவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. சார் என்றார், அவ்வளவுதான்.

பொக்லைன் வந்த அன்று மாடிச் சுவர்தான் முதலில் விழுந்தது. பச்சைச் சாயம் அடித்த அந்த இரண்டு அறைகளும் கொஞ்ச நேரம் வானத்துக்குத் திறந்து நின்றன. நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போடவில்லை. பேருந்துக்காகக் காத்திருந்தபோது பார்த்ததுதான். முந்தின நாள் என் மனைவி, "கொஞ்ச நாளைக்கு முன்னறைய அண்ணனுக்குக் குடுப்போமா?" என்று கேட்டிருந்தாள். அவர்களுக்குச் சரிப்படாது என்றேன். என்ன சரிப்படாது என்று அவள் கேட்டாள். நான் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் டவுனுக்குள் பேகம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாலை வந்தது. நடுவில் தடுப்பு, இரண்டு பக்கமும் அணுகுசாலை, கொஞ்ச தூரத்தில் ஒரு மேம்பாலம். எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் பாலத்துக்கு அடியில் நடந்து சுற்றி வர வேண்டும். மதுரைப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. சாலை மட்டம் உயர்ந்துவிட்டதால் மழை பெய்தால் என் முன்னறைக்குள் தண்ணீர் வருகிறது. இந்த அறைக்காகத்தான் அதைச் செய்தேன். இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை.

ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முன் சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவேன். மனைவி இறந்த வருடம்தான் சொன்னேன். சாமியார் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "இத என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவரு உயிரோடதான இருக்காரு, அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடியும் நேரம் பார்த்துப் பேகம்பூருக்குப் போனேன். பாய் மருமகனின் கடைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். "வாங்க சார்" என்று இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார். என் மனைவி இறந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார், கண் கலங்கினார். வெங்காயத்தால் இல்லை.

நான் சொன்னேன். வரைபடம், எழுத்தர், எட்டு நாள், தொட்டி. எதையும் மறைக்கவில்லை. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்" என்றார். "அன்னிக்கே ஆபீஸ்ல சொன்னாங்களே, மனுவே வரலைன்னு. ஒங்க வாத்தியாரு வந்து படத்தப் பாத்துட்டுத்தான் போனாருன்னும் சொன்னாங்க."

"அப்பவே என்னக் கேட்டிருக்கலாமே பாய். நாலு பேரு முன்னாடி வெச்சுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? நான் குடுத்தேன் பாய், ஆபீஸ்ல தொலைச்சுட்டானுகன்னு சொல்லியிருப்பீங்க. நான் நம்பியிருப்பேன். அதுக்குத்தான் கேக்கல."

மருமகன் உள்ளேயிருந்து வெங்காயம் ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். "இந்தா ஆச்சு" என்று பாய் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து போனார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொன்னது சரிதான். கல் நட்ட நாளிலிருந்து அந்தப் பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.