படகுத்துறைக் கடையில் ஒரு தேர்தல் முடிவு

ஜார்ஜ் டவுன் படகுத்துறைக்கு எதிரே மேரி அக்காவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தீவிலிருந்து அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போகும் படகுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அடுத்த மேசையில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு ஓர் ஆப்பிரிக்கர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவங்க நாட்டுல எதிர்க்கட்சித் தலைவரு தம்பி," என்று அக்கா தாழ்ந்த குரலில் சொல்கிறார். "ரெண்டு வாட்டி ஜெயில்ல போட்டாங்க. மூணாவது வாட்டி பிடிக்க வந்தப்ப தப்பிச்சு வந்துட்டாரு. ஆறு வருசமா இங்க டியூஷன் எடுக்குறாரு. இந்தத் தடவ அவரு தொகுதியில பொண்டாட்டி நிக்குறாங்க. இன்னைக்கு ரிசல்ட் லா."

கைபேசி அதிர்கிறது. படித்துவிட்டு அவர் எழுந்து நிற்கிறார். "என் மனைவி ஜெயித்துவிட்டாள்!" என்று மேடையில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்புகிறார்கள். நான் போய்க் கைகொடுக்கிறேன். நன்றி சொல்கிறார், ஆனால் என் கையை விட மறந்துவிடுகிறார். பிறகு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறார்.

"சந்தோசத்துல அழுவுறாரா அக்கா?"

அக்கா தேநீர்க் குவளையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறார்.

"தோத்தா இங்கயே வந்துடுறேன்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்களாம் தம்பி. போன வாரந்தான் பெரிய கட்டிலா வாங்கிப் போட்டாரு."