மீன் குஞ்சுகளுக்கு வெந்நீர், எனக்கு எண்ணெய் மட்டும்

2006 ஜனவரி. ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கேம்ப் ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து நண்பன் செல்வம் போன் செய்தான். ராஸ் அல் கைமாவில், கத் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு மீன் பண்ணையில் அவனுக்கு வேலை.

"மாப்ள, இங்க பூமிக்குள்ளேருந்தே சுடுதண்ணி வருது. வெள்ளிக்கிழம எண்ணெ சீயக்காயோட வந்துரு."

ஷார்ஜா ரோலாவிலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு மினி பஸ் பதினைந்து திர்ஹம், அங்கிருந்து டாக்ஸி இருபது. ஒரு குளியலுக்காக நூறு கிலோமீட்டர் போனவன் அநேகமாக நான்தான்.

ஆழ்துளைக் கிணற்றுச் சுடுநீர் ஒரு குழாய் வழியாகக் கொட்டகைத் தொட்டிக்குப் போகிறது. தொட்டி நிறைய ஜிலேபி மீன் குஞ்சுகள். தண்ணீர் குளிர்ந்தால் இரை எடுக்காது, அப்புறம் செத்து மிதக்கும். செல்வத்துக்கு மாசியில் கல்யாணம். குஞ்சுகள் பிழைத்தால்தான் லீவு என்று அவன் முதலாளி, அந்த ஊர் அரபி, சொல்லிவிட்டார். மாப்பிள்ளைத் தோழனாகப் போக நானும் பத்து நாள் லீவு வாங்கி வைத்திருந்தேன்.

தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, டவுசரோடு குழாயடிக்குப் போனேன். நான் போன ராசி, குழாய் நடுவில் பிளந்தது. சுடுநீர் மணலில் ஓடியது. நான் ஒரு வாளியில் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

"கிட்ட வராத மாப்ள. ஒரு சொட்டு எண்ணெ உள்ள விழுந்தா என் கல்யாணம் போச்சு. நீ போயி அந்தக் கொழா வெடிப்பு மேல உக்காரு."

வெடிப்பில் துண்டைச் சுற்றி அதன்மேல் உட்கார்ந்தேன். எங்கே சுட்டது என்று எழுதப்போவதில்லை. செல்வம் வேறு குழாய் வாங்க டவுனுக்கு ஓடினான். அவன் திரும்புவதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"யே கோன் ஹை?" நான் யார் என்று இந்தியில் கேட்டார்.

"செல்வம் கா தோஸ்த்," என்றேன், எழுந்திருக்காமல்.

உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தார். குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. வெளியே வந்து என்னையே பார்த்தபடி நின்றார். செல்வம் வந்ததும் தீர்ப்புச் சொன்னார். அவன் மாசியில் பத்து நாள் ஊருக்குப் போகலாம். அந்தப் பத்து நாளும் குஞ்சுகளுக்குக் காவலாக இந்த எண்ணெய் ஆள் இங்கேயே இருக்க வேண்டும். கலாஸ், அவ்வளவுதான்.

"வேணாம் மாப்ள. நீயில்லாம என்ன கல்யாணம்?" என்றான் செல்வம்.

"நானில்லாம நடக்கும்டா. நீயில்லாம நடக்காது," என்றேன்.

போகிறவர்களுக்கு: ஜனவரி நல்ல காலம். திரும்பி வர டாக்ஸியை முன்பே பேசி வையுங்கள். எண்ணெய்த் தலையோடு நின்றால் எவனும் ஏற்ற மாட்டான். குழாயைப் பார்த்துவிட்டு எண்ணெய் தேயுங்கள்.

மாசியில் அந்தப் பத்து நாளும் பண்ணையில் ராஜ குளியல் குளித்தேன். தாலி கட்டிய கையோடு செல்வம் போன் போட்டான். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவன் முதலில் கேட்டது:

"மாப்ள, குஞ்சு தின்னுச்சா?"