கடைசி வீட்டு மெம்பரம்மா

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, அதில் நின்றது நான்கு. தாயில்லாமல் போன என் அண்ணன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் நல்லபடியாக ஆளாகி, கல்யாணமாகி, அவரவர் சோற்றை அவரவர் தின்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் தெரியாது. ஆனால் கள்ளக்குறிச்சியில் நான் சித்தாளாகக் கலவை சுமக்காத தெரு குறைவு. மாடி வீடு என்று யார் எதைக் காட்டினாலும், அதில் என் தலைச் சும்மாடு ஏறி இறங்கியிருக்கும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நிதானமாகத்தான் சொல்வேன். அவள் கை வலித்தால் நிறுத்திக்கொள்ளட்டும்.

மெம்பரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முகம் அல்ல, ஒரு டியூப். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு உள்ளே தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்களே, கண்ணாடி போலத் தெரியும் நீள டியூப், அது. ஒரு முனையை இங்கே ஒருத்தி பிடிக்க வேண்டும், மறுமுனையை அங்கே ஒருத்தி பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஆடாமல் நின்றதும் அந்த இடத்தில் கோடு போட்டால் இரண்டும் ஒரே மட்டம். நானும் அவளும் எத்தனையோ கட்டடங்களில் ஆளுக்கொரு முனை பிடித்தவர்கள். அவள் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். வாய் மட்டும் எனக்கு மூத்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கி வந்த வருஷம், வேலைத் தலத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே அவளை நிற்க வைத்தோம், ஜெயித்துவிட்டாள். ஜெயித்த பிறகும் கலவைதான் சுமந்தாள். மேஸ்திரி அவளை, "மெம்பரு, சட்டிய தூக்கு" என்பார்.

எங்கள் தெரு இருப்பது ஊருக்கு வெளியே, ஏரிக்கும் ஓடைக்கும் நடுவே. நிலம் இல்லாதவர்களுக்கு வீட்டுமனை என்று பட்டா கொடுத்தார்கள். வேறு எதற்கும் உதவாத நிலமாக இருந்ததால்தான் எங்களுக்கு வந்தது என்பது, முதல் மழையிலேயே தெரிந்துபோயிற்று. கல்வராயன் மலையில் கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் செம்மண் தண்ணீர் இறங்கும். ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனால் இரண்டும் எங்கள் தெருவில் வந்து கலக்கும். அப்போதெல்லாம் வீடுகள் தரையோடு தரையாக, ஒரே மட்டத்தில் இருந்தன. தண்ணீர் எல்லார் வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு வரும். பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றுவோம், அரிசிப் பானையை உறியில் வைப்போம். மறுநாள் தெருவே சேர்ந்து சேற்றை வழித்துத் தள்ளும். தொல்லைதான். ஆனால் அந்தத் தண்ணீர் யாரையும் கொன்றதில்லை.

மெம்பரான கையோடு அவள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தாள். இந்தத் தெருவில் யாரும் தனியாக மனையை மேடு ஏற்றக் கூடாது. ஏற்றுவதானால் தெரு மொத்தமும் சேர்ந்து ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் டியூபை இரவல் வாங்கி வந்து, முதல் வீட்டு வாசலில் என்னை ஒரு முனையோடு நிறுத்தினாள். மறுமுனையோடு வீடு வீடாகப் போய், வாசல் தூணில் காவியால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். இதற்குமேல் ஒரு கல்கூட ஏறக் கூடாது என்பதற்கு அந்தக் கோடு. பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ஏம்மே மெம்பரு, ஓட்டு வாங்கிக்கினு எங்க வூட்டுக்கே நாமம் போடறியா?" என்றாள் ஒருத்தி.

"தண்ணி வந்து போட்டா கழுத்துல போடும். நான் போட்டா தூணுல போடுவேன். எது வோணும் சொல்லு."

இன்னொருத்தி விடவில்லை. "ஒன் வூடு கடைசி வூடு. நாங்க ஏத்தினா தண்ணி ஒனக்கு வரும்னு பயம். அதானே இந்தக் கட்டு?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். அவள் காவிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஆமாமே, அதான்" என்றாள். "நடு வூட்டுல இருந்தா எனக்கும் தோணியிருக்காது."

அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். தனக்காகக் கேட்கிறோம் என்பதை அவள் மறைக்கவில்லை. தனக்காகக் கேட்டதால் அது தப்பாகியும் போகவில்லை.

சில வருஷம் அந்தக் கட்டு நின்றது. உடைத்தது முதல் வீட்டுத் தம்பி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், கெட்டவனாக இருந்தால் இந்தக் கதை எனக்கு இத்தனை நாள் நெஞ்சில் நிற்காது. பெங்களூரில் கொத்து வேலை செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வந்தான். பழைய வீட்டை இடித்துப் புது வீட்டுக்குப் பிளான் போட்டு முறையாக அனுமதி வாங்கினான். அந்த ஆபீஸ் விதியில், வெள்ளம் வருகிற இடத்தில் வீட்டின் பேஸ்மட்டம், அதாவது தரைமட்டம், ரோட்டைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. விதிப்படி கிராவல் மண் அடித்து மனையை உயர்த்தினான். மெம்பரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த இன்ஜினியர் உட்கார நாற்காலி கொடுத்து, பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா விதி வீட்டைப் பாத்து எழுதினது, தெருவைப் பாத்து எழுதினது இல்லை. அவர் செஞ்சது சரிதான், நான் எப்படி நிறுத்தறது?" என்றார்.

அதற்குப் பிறகு டிப்பர் லாரி எங்கள் தெருவுக்குப் பழகிவிட்டது. முதல் வீடு உயர்ந்ததும் அங்கே தேங்க வேண்டிய தண்ணீர் இரண்டாம் வீட்டுக்கு வந்தது, அவர்கள் உயர்த்தினார்கள். பிறகு அடுத்த வீடு. ரோட்டையும் புதிதாகப் போட்டு உயர்த்தினார்கள், அதனால் உயர்த்தியவர்களே மறுபடியும் உயர்த்தினார்கள். பழைய தூண்களில் அவள் இழுத்த காவிக் கோடுகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. ஒவ்வொரு லாரி மண் கொட்டும் சத்தத்துக்கும் அவள் தன் வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்ப்பாள். அடுத்த தேர்தலில் அவளுக்கு ஓட்டு விழவில்லை. மெம்பர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தது அந்தச் சமயம்தான். கடைசியில் உயராமல் நின்றது இரண்டே வீடு, என்னுடையதும் அதை ஒட்டி அவளுடையதும். அவளுக்குக் கொடுத்த வார்த்தைக்காக நாங்கள் ஏற்றவில்லை என்று சொல்ல ஆசைதான். கையில் காசும் இல்லை. பேத்தி இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

அன்றைக்கு நல்ல வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த இந்தப் பேத்தியைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். மெம்பரம்மா சங்கராபுரம் ரோட்டில் ஒரு கட்டடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் நின்று பார்த்தால் தினமும் தெரிகிற கல்வராயன் மலை அன்றைக்குத் தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. காற்று இல்லை. கோழிகள் ஒன்றும் கொத்தாமல் சுவரோரம் ஒதுங்கின. பிறகு ஒரு சத்தம் வந்தது. டிப்பர் மண் கொட்டுகிற சத்தம்தான், ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

முன்பெல்லாம் தண்ணீர் பரந்து, மெல்ல எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரும். அன்றைக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த மனைகள், நடுவே எங்கள் தெரு, வெட்டி வைத்த வாய்க்கால் போல. பரவ இடமில்லாத தண்ணீர் ஓடி வந்தது. என் இடுப்பு வரை ஏறியது. குழந்தையைப் பரண்மேல் போட்டுவிட்டு நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மேட்டு வீட்டு ஜனங்கள் காய்ந்த வாசலில் நின்று கத்தினார்கள். எனக்கு அடுத்த வீட்டுக்குள், மெம்பரம்மாவின் வீட்டுக்காரர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவர் ஒரு நாளும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அல்ல. பிறகு சுவர் சாய்ந்த சத்தம். பிறகு கூப்பிடவில்லை.

அவரைத் தூக்கி வந்தது முதல் வீட்டுத் தம்பிதான். யாரும் சொல்லாமல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தவன் அவன் ஒருவன். உடம்பைத் தன் வீட்டு உயர்ந்த வாசலில், காய்ந்த தரையில் கிடத்தினான். உடம்பெல்லாம் சேறாக என்னிடம் வந்து நின்று, "யக்கா, ஆபீசுல சொன்ன ஒசரம்தான் ஏத்தினேன். ஒரு கல்லு ஜாஸ்தி வைக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுக்கா" என்றான். மெம்பரம்மா வந்தபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. யாரையும் திட்டவில்லை. அவரவர் வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது, அத்தனை பேரும் அவ்வளவு உயரத்தில் நின்றார்கள்.

காரியம் முடிந்ததும் அவளைச் சின்னசேலத்தில் இருக்கிற மகள் கூட்டிப்போனாள். பஸ் ஏற்றிவிட நான் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன். "யக்கா, இனிமே நீதான் கடைசி வூடு" என்றாள். பஸ் போய்விட்டது. அடுத்த வருஷம் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள்.

அந்த வார்த்தையோடுதான் நான் இத்தனை மழைக்காலத்தைக் கழித்தேன். வானம் கறுத்தால் முதலில் மலையைப் பார்ப்பேன், தெரிந்தால்தான் சோறு இறங்கும். போன வருஷம் மெம்பரம்மாவின் மனையில் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து கட்டட வேலைக்கு இறங்கி வந்தவர்கள். அவள் மகள்தான் பாவம் பார்த்து இருக்கச் சொன்னாள். இடிந்த இடம் குழியாகக் கிடந்தது, அதற்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். சின்னதாக இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. இப்போது நான் கடைசி வீடு இல்லை.

என் மகனுக்கு அரசாங்க வீடு கட்ட உத்தரவு வந்திருக்கிறது. பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதிலேயே இருக்கிறதாம். நேற்று முதல் லாரி மண் வந்து இறங்கியது. அந்த மலைக்காரப் பெண் மண் குவியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "யம்மா, மிச்சம் ஆனா ஒரு கூடை மண்ணு தாங்க, அடுப்பு போட்டுக்கறேன்" என்றாள். அந்த மண் அவளுக்கு என்ன செய்யப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ராத்திரி சோறு போடும்போது மகனிடம் சொன்னேன். "தூணு வுட்டு மேல கட்டு. கீழ காலியா வுடு, தண்ணி அதும் பாட்டுக்குப் போவட்டும். இல்லன்னா அவங்க குழியையும் சேத்து மண்ணு போட்டுத் தூத்து."

"அதுக்கெல்லாம் காசு தருவாங்களா? நாம ஏத்தலன்னா நாம சாவணுமா? ஒம் பேத்தி இந்த வூட்டுலதான படுக்குது?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். நான் பெற்ற பிள்ளை, நியாயம் இல்லாமல் கேட்க மாட்டான். பிறகு, "அவங்க இன்னா நமக்கு ஒறவா?" என்றான்.

"மெம்பரு மட்டும் எனக்கு இன்னா ஒறவுடா?" என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

பட்டா என் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் அரசாங்கக் காசு வராது, போடுவேன் என்று நம்பித்தான் மகன் மண்ணை இறக்குகிறான். காலையிலேயே காகிதத்தை என் பெட்டிமேல் வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் தொடவில்லை. ஐப்பசி பிறக்கப் போகிறது. இன்று காலையில் மலை பாதிதான் தெரிந்தது. இரண்டாவது லாரி இப்போது தெருமுனையில் திரும்புகிறது.

போதும் கண்ணு, எழுதினவரைக்கும் போதும். எழுந்திரு. வாசப்படியில போய் நின்னுக்கினு முதல்ல இருந்து ஒரு தரம் படி, எழுதினது சரியா இருக்கான்னு ஆயா கேக்கறேன். சத்தமா படிம்மா. உங்கப்பன் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிக்கினு இருக்கான். டிப்பர்காரன் இன்ஜின நிறுத்தட்டும், அப்புறம் ஆரம்பி.