ராகி மூட்டையோடு போன எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

மறுநாள் என் மகள் சரோஜா சேலத்தில் கல்லூரியில் சேரவேண்டும். டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டு, அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுக்கப் போனேன். கரையான் அரிக்காமலிருக்க அதை ராகி மூட்டைக்குள் வைத்திருந்தேன். மூட்டையையே காணோம்! காலையில் கணவர் அதையும் மற்ற மூட்டைகளோடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வண்டியேற்றிவிட்டார்.

இரண்டு மைல் நானும் சரோஜாவும் ஓடினோம். வியாபாரி பாய் எங்கள் மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், அதுல எம்பொண்ணு சர்டிபிகேட் இருக்குது!” என்று கத்தினேன்.

இரண்டு மூட்டைகளைக் கொட்டியும் இல்லை. மூன்றாவதின் அடியில் புத்தகம் கிடைத்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?” என்றார் கணவர். அவர் முகம் வெளிறியிருந்தது.

இப்போது காகிதங்களெல்லாம் பெட்டியில்தான். ஆனாலும் என் கை அடிவரை துழாவாமல் எந்த மூட்டையும் எங்கள் வாசலைத் தாண்டாது.