தரையில் வைக்கக் கூடாத குடம்

ஐப்பசி மழைக்குப் பிறகு குட்லாடம்பட்டி அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். விழுகிறது. கார்த்திகை முதல் ஞாயிறு தம்பியோடு போய்வந்தேன்.

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பரவையில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு ஆண்டுக்கொருமுறை அந்த அருவித் தண்ணீரில்தான் அபிஷேகம். குடத்தை மூத்த மகன் சுமக்க வேண்டும். நிறைத்த பிறகு தரையில் வைத்தால் அந்தத் தண்ணீர் செல்லாது. அப்பா போனபின் பதினோரு வருடமாக நான்தான் சுமக்கிறேன். இந்த முறை சித்தப்பா, "பெரியவனுக்கு முழங்கால் வலிக்குதாம்ல? சின்னவன் தூக்கட்டும்" என்றார். கூடியிருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. நான் விடவில்லை. குடும்பத்தில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் குடம் ஒன்றுதான். ஒருமுறை கை மாறினால் மாறியதுதான்.

காலை 6.10க்கு விளாங்குடியில் என் வீட்டு வாசலில் தம்பியின் புதுக் கார் வந்து நின்றது. அவன் கே.கே. நகர்க்காரன். வாடிப்பட்டி வழியாக 28 கி.மீ., 50 நிமிடம். பெட்ரோல் செலவு தெரியாது. அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வழியில் டீக்கடைக்காரர் அவனைத்தான் நலம் விசாரித்தார். வாரந்தோறும் நான் டீ குடிக்கும் கடை அது.

காரை நிறுத்திய இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை, 35 நிமிடம். கடைசி இருநூறு மீட்டர் பாறைகள் வழுக்கும். அருவி அழகுதான், மறுக்க முடியாது. தம்பி படமெடுத்தான். நான் குடத்தை நிறைத்தேன்.

இறங்கும்போது பாதிப் பாறையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தோளில் பத்து லிட்டர்.

"அண்ணே, குடத்தைக் குடு. விழுந்துரப் போற."

"நீ முன்னால போ."

"அட, குடுண்ணே. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். நான் குடத்தைப் பாறையில் வைத்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன சாமி, தீர்த்தத்தப் போயி கீழ வச்சுட்டீக!" என்று கத்தினார்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறினேன். தம்பி பின்னாலேயே வந்தான். இந்த முறை குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். (நீங்கள் போவதானால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் கைத்தடி எடுத்துப் போகலாம்.)

பரவை சேர்ந்தபோது 10.15. நேரம் தவறியதில் பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா வாய் திறக்குமுன் தம்பி முந்திக்கொண்டான்.

"என் மேலதான் தப்பு சித்தப்பா. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குனேன், கை நழுவிருச்சு. பாவம், அண்ணன் திரும்ப ஏறிப் போயி எடுத்துட்டு வந்துச்சு."

சித்தப்பா சிரித்து, அவன் முதுகில் தட்டினார். "எம்புட்டு மனசு பாருங்கப்பா, தப்ப ஒத்துக்குறான்!"

நான் செய்த தப்புக்கும் பாராட்டு அவனுக்கு. உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த வருடம் குடம் அவனுக்கு. சொல்லாவிட்டால் நல்ல பெயர் அவனுக்கு.

குடத்தை வைத்துக்கொண்டேன்.